தென்கோடி வீடுகளில் வேதம்: அன்றும் இன்றும்

1780ஆம் ஆண்டில் பாளையங்கோட்டைச் சபையின் பெயர்ப்பட்டியலில் இருந்தவர்கள் 40 பேர். அவர்களில் ஒருவரான குளோரிந்தா என்ற பிராமண விதவை கட்டிய சிற்றாலயம் 1785 முதல் அங்கே நிற்கிறது. ஊரார் அதைப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்பார்கள். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுக் கிறிஸ்தவர்கள், எல்லாச் சபையினரும் சேர்ந்து, 44 லட்சத்து 18 ஆயிரம் பேர், மக்கள்தொகையில் 6.12 சதவீதம். எண்ணிக்கை வளர்ந்த கதை பலமுறை எழுதப்பட்டுவிட்டது. அவ்வளவாக எழுதப்படாதது ஒன்று உண்டு. அந்த மக்களின் ஒரு சாதாரண நாளுக்குள் வேதம் எந்த வழியாக நுழைந்தது, நுழைந்து என்ன வேலை வாங்கியது, இன்று எந்த வழியாக நுழைகிறது, என்ன வேலை வாங்குகிறது என்பதுதான் அது.

இதைப் பார்ப்பதற்குத் திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களின் செம்மண் தேரியைவிடப் பொருத்தமான இடம் இல்லை. அங்கே வேதம் வீட்டுக்குள் வருவதற்கு முன் ஊராகவே வந்தது. 1799இல் எழுந்த முதலூர், பிறகு மெஞ்ஞானபுரம், சாயர்புரம், நாசரேத், சுவிசேஷபுரம் என்று பெயரிலேயே நம்பிக்கையைச் சுமந்த ஊர்கள் அவை. புதிதாகச் சபையில் சேர்ந்தவர்கள் பழைய ஊரில் குடியிருக்க முடியாமல் விரட்டப்பட்டபோது, அவர்களுக்கு நிலம் வாங்கிக் குடியமர்த்த 1830இல் மிஷனெரி இரேனியஸ் காலத்தில் தர்ம சங்கம் என்ற அமைப்பு பாளையங்கோட்டையில் தோன்றியது. அந்நியனுக்கு இடம் கொடு என்ற கட்டளைக்கு அன்று கிடைத்த பொருள் மனைக்கட்டும் கிணறும்தான். 1841இல் இடையன்குடிக்கு வந்த மிஷனெரி கால்டுவெல் அங்கே தெருக்களை நேராக அமைத்தார். அவர் மனைவி எலைசா பெண்களுக்குச் சரிகைப் பின்னல் கற்றுக்கொடுத்தார். போதகம், தெரு, தொழில் மூன்றும் ஒரே கையிலிருந்து வந்த காலம் அது.

இன்று அந்த ஊர்களில் கோபுரம் உயர்ந்திருக்கிறது, சாலை அகன்றிருக்கிறது, பல வீடுகளின் கதவு பூட்டியிருக்கிறது. பிள்ளைகள் சென்னையிலும் மும்பையிலும் வளைகுடாவிலும் இருக்கிறார்கள். ஊர் என்ற வடிவத்தில் வந்த வேதம், அவர்களோடு பயணம் போவதற்காகக் கைப்பேசி அளவுக்குச் சுருங்கிக்கொண்டது.

புத்தகத்திலிருந்து தொடங்கலாம். தரங்கம்பாடியில் 1706இல் இறங்கிய மிஷனெரி சீகன்பால்கு தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1715இல் அச்சாகி முடிந்தது. தென்னாட்டுச் சீர்திருத்தச் சபைகள் இன்றும் கையில் வைத்திருக்கும் வேதாகமம் ஹென்றி பவர் தலைமையிலான குழு திருத்தி 1871இல் நிலைபெற்ற பதிப்பு. நம் தாத்தா பாட்டி காலத்தில் ஒரு வீட்டுக்கு அதில் ஒரு பிரதிதான் இருக்கும். அதன் முன்பக்க வெற்றுத்தாளில் பிறப்பும் ஞானஸ்நானமும் கல்யாணமும் சாவும் எழுதப்பட்டிருக்கும். வாசிக்கத் தெரிந்தவரும் பெரும்பாலும் ஒருவர்தான்: மிஷன் பள்ளியில் படிக்கும் பையனோ பெண்ணோ. பகலெல்லாம் பிள்ளைக்குப் புத்தி சொன்ன பெற்றோர் இரவில் அந்தப் பிள்ளையின் வாயிலிருந்து வேதத்தைக் கேட்டார்கள். எழுத்துக் கூட்டும்போது பிள்ளை தடுமாறும் இடத்தில், வாசிக்கத் தெரியாத பாட்டி அடுத்த சொல்லை எடுத்துக்கொடுப்பார். கேட்டுக் கேட்டே மனப்பாடம் ஆகியிருக்கும்.

இன்று வீட்டில் நான்கு பேர் என்றால் நான்கு கைப்பேசி. ஒவ்வொன்றிலும் முழு வேதாகமம். யூவெர்ஷன் செயலி 2008இல் வந்தது. இப்போது பழைய பதிப்பு, 1995இல் கத்தோலிக்கரும் மற்றச் சபையினரும் சேர்ந்து கொண்டுவந்த திருவிவிலியம், ஆங்கிலப் பதிப்புகள் எல்லாவற்றையும் ஒரே திரையில் அடுத்தடுத்து வைத்து ஒப்பிடலாம். ஒரு காலத்தில் இறையியல் கல்லூரி நூலகத்தில் செய்த வேலை இது. காதால் கேட்கவும் வசதி இருக்கிறது. பாளையங்கோட்டையில் ஆஸ்க்வித் அம்மையார் பார்வையற்றோருக்குப் பள்ளி தொடங்கியது 1890இல். புடைப்பெழுத்தில் ஒரு சுவிசேஷமே தடித்த புத்தகமாகிவிடும் என்ற நிலையிலிருந்து, அறுபத்தாறு ஆகமங்களையும் சட்டைப் பையில் வைத்துக் கேட்கும் நிலைக்கு வந்திருக்கிறோம். இந்த லாபத்தைச் சிறிதாக மதிக்க முடியாது.

ஆனால் அந்த ஒற்றைப் பிரதியிடம் ஒரு குணம் இருந்தது. அது எல்லோருக்கும் பொது. மகன் வாசித்ததை அப்பா கேட்டார், அப்பாவைப் பற்றிய வசனம் வந்தால் எல்லோரும் கேட்டார்கள். குடித்துவிட்டு வந்த இரவில் நீதிமொழிகள் 23ஆம் அதிகாரம் வந்துவிட்டால் அந்த வீட்டில் யாரும் பேச வேண்டிய தேவையே இருக்காது. நான்கு திரைகளில் நான்கு பேர் வாசிக்கும்போது ஒவ்வொருவருக்கும் அவரவர் வசனம் கிடைக்கிறது. பக்கத்தில் இருப்பவருக்கு என்ன கிடைத்தது என்பது தெரிவதில்லை.

நேரத்துக்கும் அப்படியொரு மாற்றம். காலையிலும் அந்தியிலும் கோயில் மணி அடிக்கும். அந்தி மணிக்குக் கோயிலுக்குப் போகிறவர்கள் போவார்கள். போகாத வீடுகளில் அரிக்கேன் விளக்கைத் துடைத்து ஏற்றியதும் குடும்ப ஜெபம். ஒரு கீர்த்தனை, ஒரு அதிகாரம், முழங்காலில் நின்று ஒரு ஜெபம், கர்த்தருடைய ஜெபத்தோடு முடிவு. அதன் பிறகுதான் சோறு. பசித்த பிள்ளைகளுக்கு நீண்ட ஜெபம் பெரும் சோதனை. அந்த அமைப்பு முழுக்க உபாகமம் 6ஆம் அதிகாரத்தின் மேல் நின்றது: வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் வழியில் நடக்கும்போதும் படுக்கும்போதும் எழும்பும்போதும் பிள்ளைகளோடு இந்த வார்த்தைகளைப் பேச வேண்டும் என்ற அந்தக் கட்டளையை மணியும் விளக்கும் நேரம் தவறாமல் நினைவூட்டின.

இப்போது மணிக்குப் பதில் அறிவிப்பு ஒலி. காலை ஐந்தரைக்கே குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ரோஜாப்பூப் படத்தின்மேல் ஒரு வசனம் வந்துவிடுகிறது. அத்தை துபாயிலிருந்து அனுப்புவார், சித்தப்பா தூத்துக்குடியிலிருந்து ஆமென் போடுவார். குடும்ப ஜெபம் பல வீடுகளில் சனிக்கிழமை இரவுக்கு ஒதுங்கிவிட்டது. அப்பாவுக்கு இரவுப்பணி, பிள்ளைக்கு டியூஷன், அம்மா வந்து சேரும்போதே மணி எட்டு. யாரையும் குறை சொல்ல இதில் இடமில்லை. ஐந்து பேரும் ஒரே நேரத்தில் வீட்டில் இருந்ததால்தான் அன்று ஐந்து பேரும் சேர்ந்து ஜெபித்தார்கள். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து ஆலயங்கள் மூடப்பட்டபோது அது விளங்கியது. அந்த ஆண்டு ஈஸ்டருக்குப் பல வீடுகளில் வரவேற்பறையே கோயிலாயிற்று. பல ஆண்டுகளாக நின்றுபோயிருந்த குடும்ப ஜெபம் அந்த மாதங்களில் திரும்பி வந்தது. கதவுகள் திறந்ததும் பெரும்பாலும் அது மறுபடி நின்றது. நேரலை ஆராதனை மட்டும், படுக்கையில் இருக்கும் முதியவர்களுக்கும் தொலைவில் இருக்கும் பிள்ளைகளுக்குமாக நிலைத்துவிட்டது.

நேரத்தைவிடப் பெரிய மாற்றம், எந்த வசனம் வருகிறது என்பதில் நடந்தது. அன்று குடும்ப ஜெபத்தில் ஆதியாகமத்தில் தொடங்கி அதிகாரம் அதிகாரமாகப் போவது வழக்கம். லேவியராகமத்தின் பலிமுறைகளும் நாளாகமத்தின் பெயர்ப்பட்டியல்களும் தப்ப முடியாமல் வரும். பிடிக்காததும் வரும். வயலின் ஓரத்தை முற்றிலும் அறுக்காதே, சிந்தியதைப் பொறுக்காதே, அது ஏழைக்கு என்று லேவியராகமம் 19 சொல்லும். கடன் கொடுத்து வட்டி வாங்காதவனே கர்த்தருடைய கூடாரத்தில் தங்குவான் என்று சங்கீதம் 15 சொல்லும். வட்டிக்குக் கொடுத்திருந்த வீட்டுக்காரர் அன்றிரவு அந்தச் சங்கீதத்தைத் தாண்டிப் போக முடியாது. அடுத்த நாள் வாசிக்க வேண்டியது பதினாறு என்பது பிள்ளைகளுக்கும் தெரியும்.

இன்று வசனங்கள் பெரும்பாலும் தேர்ந்தெடுக்கப்பட்டு வருகின்றன. டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்ததும் தட்டிலிருந்து ஆளுக்கொரு வாக்குத்தத்த அட்டை எடுக்கிறோம். அது அந்த ஆண்டு முழுதும் கண்ணாடி ஓரத்தில் செருகப்பட்டிருக்கும். எரேமியா 29:11 அந்த அட்டைகளில் அடிக்கடி வரும்: உங்களுக்காக நான் வைத்திருப்பவை சமாதானத்துக்கான நினைவுகளே, தீமைக்கானவை அல்ல என்ற ஆறுதல் அது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட ஒரு மக்கள்கூட்டத்துக்கு எரேமியா எழுதிய கடிதத்தில் உள்ள வரி. அதற்கு முந்தைய வசனம் எழுபது ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது. ஏழாம் வசனம், உங்களைச் சிறைப்படுத்திய அந்தப் பட்டணத்தின் நன்மையைத் தேடுங்கள், அதற்காக ஜெபியுங்கள் என்கிறது. அட்டையில் பதினொன்று வருகிறது. பத்தும் ஏழும் வருவதில்லை. சங்கீதங்களிலும் அப்படித்தான். அடைக்கலம் தரும் 91 கார்க் கண்ணாடியில் தொங்குகிறது, வட்டியைப் பற்றிப் பேசும் 15ஐ யாரும் தொங்கவிடுவதில்லை.

ஆறுதல் தேவையில்லை என்று சொல்லவரவில்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் போய்த் தனியறையில் கிடக்கும் ஒரு செவிலிக்கு அந்தப் பதினொன்றாம் வசனம் இரவைக் கடக்க உதவுகிறது. அன்று ஊரே சுற்றி நின்று தந்த தைரியத்தை இன்று அவளுக்கு ஒரு அட்டைதான் தர வேண்டியிருக்கிறது. ஆனாலும் கணக்கைச் சரியாக எழுத வேண்டும். அன்று வீட்டுக்குள் வந்த வசனங்களில் தருகிறவையும் இருந்தன, வேலை வாங்குகிறவையும் இருந்தன. இன்று தருகிறவை பெருகிவிட்டன, வேலை வாங்குகிறவை குறைந்துவிட்டன.

வேலை வாங்கிய வசனம் எப்படி இருக்கும் என்பதற்குப் பிடியரிசி ஒரு நல்ல சான்று. உலை வைக்க அரிசி அளந்த பெண், அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிக் கலயத்தில் போடுவாள். வாரக் கடைசியில் அது கோயிலுக்குப் போகும். சாறிபாத் விதவை தன் கடைசிப் பிடி மாவில் எலியாவுக்கு முதலில் அடை சுட்டுக் கொடுத்த கதையை அவள் கேட்டிருக்கிறாள். கையில் காசு இல்லாத, வரவு செலவில் குரல் இல்லாத பெண், தன் அதிகாரத்துக்கு உட்பட்ட ஒரே பொருளிலிருந்து கொடுத்தாள். இப்படிச் சிறுகச் சேர்க்கப் பழகிய மக்கள்தான் 1903இல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கத்தை வெளிநாட்டுப் பணத்தை எதிர்பாராமல் தொடங்கி, தெலுங்கு நாட்டின் தோர்ணக்கலுக்குத் தங்கள் ஆட்களை அனுப்பினார்கள். அந்தச் சங்கத்தை முன்னின்று தொடங்கிய வெள்ளாளன்விளை வே. ச. அசரியா 1912இல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

காணிக்கை இன்று சம்பளத்தில் பத்தில் ஒன்றாக, கவரில் அல்லது கியூஆர் குறியீட்டில் போகிறது. தொகை பெரிது, ரசீது உண்டு, வெளிநாட்டிலிருந்தும் நொடியில் வந்து சேர்கிறது. கணக்கு தணிக்கைக்கு உட்படுகிறது. அன்று கொடுத்தது எங்கே போயிற்று என்று கேட்பதே மரியாதைக் குறைவாக எண்ணப்பட்டது, இன்று கேட்கலாம். இழந்தது அந்த அன்றாடச் செயலை. மாதத்துக்கு ஒரு முறை திரையைத் தொடுவதற்கும், உலை கொதிக்கும்போது நாள்தோறும் கையை அரிசிக்குள் விட்டு எடுப்பதற்கும் நடுவே உள்ள தூரம், தொகையால் நிரம்புவதில்லை.

கொடுத்தலில் மாறாமல் நிற்பது அசனம். ஆலயப் பிரதிஷ்டைப் பண்டிகையிலோ ஸ்தோத்திரப் பண்டிகையிலோ அவரவர் கொடுத்த அரிசியும் ஆடும் காய்கறியும் பெரிய அண்டாக்களில் ஒன்றாக வெந்து, கொடுத்தவரும் கொடுக்க முடியாதவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்து சாப்பிடும் விருந்து. சென்னையிலிருந்து ரயில் பிடித்து வருகிறவர்கள் இதற்காகவே வருகிறார்கள். கோழியும் முட்டையும் முருங்கைக்காயும் முதல் விளைச்சல் என்று கோயிலுக்கு வந்து ஏலம் போன இடத்தில், இப்போது கடையில் வாங்கிய கேக்கும் பழக்கூடையும் ஏலம் போகின்றன. விளைவித்த கை மாறிவிட்டது, கூடி உண்ணும் வழக்கம் மாறவில்லை.

ஓய்வுநாளின் கதை சற்றுச் சிக்கலானது. பனையில் பாளையை நாள்தோறும் சீவினால்தான் பதனீர் ஊறும். ஒரு நாள் விட்டால் ஊற்று குறையும். பருவம் சில மாதங்கள்தான். கருப்பட்டிதான் ஆண்டு முழுவதற்குமான பணம். மரத்துக்கு ஞாயிறு தெரியாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை பனையேறலாமா என்ற கேள்வி இங்கே புத்தகக் கேள்வியாக இருந்ததில்லை. ஓய்வுநாளில் குழிக்குள் விழுந்த எருதைத் தூக்கிவிட மாட்டீர்களா என்று இயேசு கேட்ட கேள்வி ஒரு பக்கம், பத்துக் கட்டளை ஒரு பக்கம். விடியுமுன் ஏறி இறங்கிவிட்டு, குளித்து, வெள்ளை வேட்டி கட்டி மணியடிக்கும் முன் வந்து உட்கார்ந்தவர்கள் உண்டு. போதகருக்கும் அந்த மரத்தின் கணக்கு தெரியும். பிரசங்கத்தில் கலயமும் இடுக்கியும் சுண்ணாம்பும் வரும். கேட்பவர் தம் தொழிலுக்குள் நின்றபடியே வசனத்தைக் கேட்டார்.

இன்றைய கேள்வி மென்பொருள் நிறுவனத்தின் ஞாயிறு ஷிஃப்ட், ஞாயிற்றுக்கிழமை வைக்கப்படும் போட்டித்தேர்வு, ஞாயிறன்று அதிகம் விற்கும் துணிக்கடை. ஒரு காலத்தில் கிறிஸ்தவர் கடை என்றால் ஞாயிறு அடைத்திருக்கும் என்பது வாடிக்கையாளருக்கும் தெரிந்த ஒழுங்கு. இன்று உணவு கொண்டுவரும் இளைஞன் ஆராதனை நேரத்தில் நம் வீட்டுக் கதவைத் தட்டுகிறான். அவனும் ஒரு சபையின் பிள்ளையாக இருக்கலாம். அவனுக்கும் பனையேறிக்கும் கேள்வி ஒன்றே. ஆனால் அவன் தொழிலின் கணக்கு தெரிந்த பிரசங்கம் அரிதாகிவிட்டது. ஒரு டெலிவரிக்கு எவ்வளவு, எத்தனை மணி நேரம் வண்டி ஓட்டினால் ஊக்கத்தொகை என்பதெல்லாம் பிரசங்கபீடம் வரை வருவதில்லை.

அளவும் கூலியும் இதன் தொடர்ச்சி. மரக்காலும் நாழியும் புழங்கிய நாட்களில், பையில் பெரிதும் சிறிதுமாக இரண்டு படிக்கற்கள் வைக்காதே என்ற உபாகமம் 25ஆம் அதிகாரம் கடைக்காரரின் கையைப் பார்த்தே பேசியது. படியைத் தலைதட்டும்போது விரல் உள்ளே போகிறதா என்று பார்க்கப் பிள்ளைகளுக்கும் தெரியும். 1956இன் எடையளவுச் சட்டத்துக்குப் பின் கிலோ வந்தது, பின்னர் மின்னணுத் தராசு வந்தது. கள்ளப்படி கிட்டத்தட்ட ஒழிந்தது. வேதம் சொல்லியும் முழுதாக ஆகாததைச் சட்டமும் கருவியும் செய்து முடித்தன என்று ஒப்புக்கொள்வதில் வெட்கம் இல்லை. ஆனால் இரண்டு அளவுகள் வேறு இடத்துக்குக் குடிபோயின. பத்திரத்தில் ஒரு விலையும் கையில் ஒரு விலையும் எழுதும்போது, வரதட்சணையைப் பரிசு என்று பெயர் மாற்றும்போது, அந்த அதிகாரத்தை யாரும் திறப்பதில்லை.

உறவுக்குள் வேதம் செய்த வேலையில் ஒன்றைத் தனியாகச் சொல்ல வேண்டும். திருவிருந்து ஞாயிறுக்கு முந்தைய நாள் ஆயத்த ஆராதனை நடக்கும். சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பலிபீடத்தின் முன் வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்ற மத்தேயு 5ஆம் அதிகாரத்தை அங்கே வாசிப்பார்கள். வரப்புத் தகராறில் பேசாமல் இருந்த அண்ணன் தம்பியைச் சபைப் பெரியவர்கள் அன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சேர்த்துவைத்தது பல ஊர்களின் நினைவில் இருக்கிறது. பேசாதவர் திருவிருந்துக்கு எழுந்து போகாமல் இருந்தால் ஊருக்கே தெரியும். இன்று நாம் யாரோடு பேசுவதில்லை என்பது பக்கத்து இருக்கைக்காரருக்குத் தெரியாது. சபை நிர்வாகத் தேர்தல் வழக்குகள் உயர்நீதிமன்றம் வரை போவதும் புதுமையாக இல்லை. விசுவாசிகள் தங்களுக்குள் வழக்காடி நியாயஸ்தலத்துக்குப் போவதைப் பவுல் கடிந்துகொண்ட 1 கொரிந்தியர் 6ஆம் அதிகாரம் அதே புத்தகத்தில் அப்படியே இருக்கிறது.

இந்த இடத்தில் பழமையை ஏற்றிப் பேசும் ஆசையைக் கொஞ்சம் அடக்க வேண்டும். ஒப்புரவாக்கிய அதே பெரியவர்கள்தான், தவறியதாகக் கருதிய பெண்ணின் பெயரைச் சபை நடுவில் வாசித்தவர்கள். மனைவிகளே கீழ்ப்படியுங்கள் என்ற எபேசியர் 5:22ஐ எடுத்துக்காட்டி அடிபட்ட பெண்ணைத் திருப்பி அனுப்பியவர்கள், புருஷர்களே உங்கள் மனைவிகளில் அன்புகூருங்கள் என்ற 25ஆம் வசனம்வரை அவளோடு வாசித்ததில்லை. ஆக, அன்றும் தேர்வு இருந்தது. தேர்ந்தெடுத்தவர்கள் மட்டும் வேறு. இன்று அந்தப் பெண் தன் கைப்பேசியில் 25ஆம் வசனத்தைத் தானே வாசிக்கிறாள். யார் எங்கே நிறுத்தினார்கள் என்பது அவளுக்குத் தெரியும். பெண்கள் பக்கம் என்று பாயில் உட்கார்ந்து கேட்ட திருச்சபையில், 2013இல் நந்தியாலில் புஷ்பலலிதா தென்னிந்தியத் திருச்சபையின் முதல் பெண் பேராயரானார். இழப்புகள் எல்லாவற்றையும் ஒரு தட்டில் வைத்தாலும் இந்த ஒரு லாபம் எடையில் குறையாது.

அன்றும் இன்றும் ஒரேபோல நிற்கும் ஒன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். 1833இல் பேராயர் டேனியல் வில்சன், தென்னகச் சபைகளில் சாதி வேற்றுமை கூடாது என்று சுற்றுமடல் அனுப்பினார். கிளர்ச்சிதான் கிளம்பியது. தனி இருக்கை, தனிக் கல்லறைத் தோட்டம் என்று வேதத்தைக் கையில் வைத்துக்கொண்டே பிரிந்து உட்கார்ந்தார்கள். இருக்கைகள் இன்று பெரும்பாலும் ஒன்றாகிவிட்டன. கல்யாண விளம்பரத்தில் சபைப் பெயருக்குப் பக்கத்தில் சாதிப் பெயர் இன்னும் இருக்கிறது. தேர்தல் அணிகளிலும் இருக்கிறது. குடும்ப ஜெபத்தாலும் செயலியாலும் இதுவரை அசைக்க முடியாத இடம் இது.

நோயும் சாவும் வந்த வீட்டில் அன்று மூன்று நாள் அடுப்பெரியாது. கஞ்சியும் துவையலும் பக்கத்து வீடுகளிலிருந்து முறைவைத்து வரும். ஊழியர் இறந்தால் அவர் மனைவிக்கு உதவ விதவைகள் நிதி திருநெல்வேலிச் சபையில் 1830களிலேயே ஏற்பட்டது. இன்று காப்பீடு இருக்கிறது, மருத்துவமனை இருக்கிறது, இரத்தம் தேவை என்ற செய்தி பத்து நிமிடத்தில் நூறு பேரை எட்டுகிறது. அன்று பிழைக்காதவர்கள் பலர் இன்று பிழைக்கிறார்கள். ஆனால் ஜெபத் தேவை என்று குழுவில் வரும் செய்தியின் கீழே நாற்பது கைகூப்பு இமோஜிகள் வரிசையாக நிற்கும்போது, உடையும் உணவும் இல்லாத சகோதரனிடம் சமாதானத்தோடே போ, குளிர்காய்ந்து பசியாறு என்று சொல்லிவிட்டு ஒன்றும் கொடுக்காதவனைப் பற்றி யாக்கோபு 2ஆம் அதிகாரம் கேட்பது நினைவுக்கு வருகிறது. கஞ்சிக் கலயம் தூக்கி வந்தவர்கள் அதை வாசித்திருக்கக்கூட இல்லை. கேட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அன்றைய ஊரைத் திரும்பக் கட்ட முடியாது; கட்ட வேண்டியதும் இல்லை. அதன் மணியோசையோடு அதன் கண்காணிப்பும் வரும். இன்றைய சுதந்திரத்தை வைத்துக்கொண்டே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. நாளை காலை வசனம் வந்ததும் அனுப்பிவிடாமல், அந்த அதிகாரத்தைத் திறந்து முன்னும் பின்னும் பத்து வசனம் வாசிக்கலாம். நம்மிடம் ஏதாவது செய்யச் சொல்லும் ஒரு வரி பெரும்பாலும் அங்கே இருக்கும். எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்கள் உபாகமம் 24ஆம் அதிகாரத்தில் தொடங்கலாம்: கூலிக்காரனின் கூலியைப் பொழுது அஸ்தமிக்கும் முன் கொடுத்துவிடு, அவன் ஏழை, அதன்மேல் அவன் ஆவலாய் இருக்கிறான் என்கிறது அது. வீட்டு வேலை செய்யும் அக்காவுக்கு, கொத்தனாருக்கு, தண்ணீர்க் கேன் போடும் பையனுக்குப் பாக்கி வைத்திருந்தால், இன்று மாலைக்குள் கொடுத்துவிடுங்கள்.